வெறும் விரல் கணக்கு

நாள் 611. காலை 8.10. பட்டறைக் கூடாரம்.

கூடாரத்தில் காற்றழுத்தம் சரி. சூடு சரி. வண்டி: எருமை, எங்களிடம் ஓடும் ஒரே வண்டி. வேலை: முன்பக்கத்துக்கு ஒற்றை ஆக்சில் மாட்டுவதும், அது மேலும் கீழும் எவ்வளவு ஓடலாம் என்று எல்லை வைப்பதும்.

எழுதுபவன் அர்த்தநாரி. செவ்வாயில் கீழ்மேடு நிலையத்தின் பட்டறைப் பொறுப்பாளன். ஊர் திருச்செங்கோடு. இந்தக் குறிப்பு எங்களுக்குப் பின்னால் இந்தப் பட்டறைக்கு வருகிறவர்களுக்கு.

எருமையின் முன் சக்கரங்கள் தனித்தனி இரும்புக் கைகளில் தொங்கிக்கொண்டிருந்தன. பனிப்பள்ளத்துக்குப் போகும் வழியில் உள்ள கற்காட்டில் இடது இரும்புக் கை முறிந்துவிட்டது. மாற்றுக் கை இல்லை. ஆனால் வெளியே செத்துக் கிடக்கும் பழைய தாது லாரியின் முன் ஆக்சில் நல்லபடி இருக்கிறது. ஒரே இரும்பு, இந்த முனையில் ஒரு சக்கரம், அந்த முனையில் ஒரு சக்கரம். எதில் மோதினாலும் அசராது. அதைக் கழற்றி எருமைக்கு மாட்டலாம் என்று முதலில் சொன்னவன் நான். இதை நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். நான்.

அவசரத்துக்குக் காரணம் தண்ணீர். பனிப்பள்ளத்தில் பனியை உருக்கி எங்களுக்கு அனுப்பும் பம்ப் நின்றுவிட்டது. தொட்டியில் இருப்பதைத்தான் குடிக்கிறோம், அதையே பிரித்துத்தான் மூச்சும் விடுகிறோம். எருமை கற்காட்டைத் தாண்டிப் பள்ளத்துக்குள் இறங்கி ஏறாவிட்டால் மூன்று பேருக்கும் கதை முடிந்தது.

மற்ற இருவர்: ஓட்டுநர் கருணாம்பிகை, அவிநாசிக்காரி. பூமியில் பயிற்சி நாட்களில் தொடங்கி ஆறு வருஷமாக நான் கைவைத்த வண்டியை மட்டும் ஓட்டியவள். இன்னொருவன் எபனேசர், தூத்துக்குடிக்காரன், போன கப்பலில் வந்த என்ஜினியர். வந்ததிலிருந்து சிரித்துக்கொண்டே இருக்கிறான். இங்கே சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.


நாள் 611. பிற்பகல் 3.30.

ஆக்சில் ஏறிவிட்டது. ஸ்பிரிங் இரண்டையும் கழற்றி வைத்துவிட்டேன். ஸ்பிரிங் இருந்தால் ஆக்சில் தன் இஷ்டத்துக்குத்தான் நிற்கும், நாம் கேட்கிற இடத்தில் நிற்காது. ஜாக்கியை வைத்து மேலே தூக்குவது, இறக்குவது, எங்கே இடிக்கிறது என்று படுத்துப் பார்ப்பது. அவ்வளவுதான் வேலை. ஆனால் இதில் தப்பு வந்தால் மற்ற எல்லா வேலையும் வீண்.

மேலே போவது அமுக்கம். சக்கரம் பாறையில் ஏறும்போது ஆக்சில் மேலெழும்பி மோட்டார் பெட்டியில் இடிக்கக்கூடாது. அதற்கு ரப்பர் முட்டு. முழு அமுக்கத்தில் பெட்டிக்கும் ஆக்சிலுக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி வைத்தேன்.

கீழே போவது தொங்கல். சக்கரம் குழியில் இறங்கும்போது ஆக்சில் தொங்கும். மோட்டாரிலிருந்து ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்ட் இரண்டு துண்டு, ஒன்று மற்றதுக்குள் சொருகி நிற்கிறது. மோட்டார் நேர் மேலே இருப்பதால், ஆக்சில் ஒரு விரல் இறங்கினால் ஷாஃப்டும் ஒரு விரல் வெளியே வரும். நிறைய இறங்கினால் கழன்றுவிடும். கழன்ற ஷாஃப்ட் சுற்றிக்கொண்டே அடித்தால் அதற்கு மேலே காற்றுக் குழாய் இருக்கிறது. ஆகவே இரண்டு பக்கமும் பெல்ட் போட்டு, அதற்கு மேல் தொங்காதபடி பிடித்துவைத்தேன். முழுத் தொங்கலிலும் நான்கு விரல் நீளம் உள்ளே மிச்சம். பெல்ட்டில் பக்கிள் உண்டு, வெளியிலும் கூட்டிக் குறைக்கலாம்.

விரல் கணக்கு ஏன் என்று கேட்பீர்கள். எங்கள் ஊர் லாரிப் பட்டறையில் டேப் எடுக்கிறவனை வேலை தெரியாதவன் என்பார்கள். கருணாம்பிகையின் அப்பா போர்வெல் ரிக் வைத்திருந்தவர், அவளுக்கும் விரல்தான். பூமியிலிருந்து மில்லிமீட்டரில் எழுதச் சொல்லி மூன்று முறை கேட்டார்கள். நான் மாற்றவில்லை. இந்த நிலையத்தின் அளவுகோல் என்னுடைய வலது கை.


நாள் 612. காலை 9.00.

பூமியிலிருந்து வந்த செய்தியை அப்படியே ஒட்டுகிறேன்.

“கீழ்மேடு நிலையத்துக்கு. எபனேசர் அனுப்பிய ஆக்சில் மாற்றத் திட்டம் பரிசீலிக்கப்பட்டு ஏற்கப்பட்டது. மிகச் சிறப்பான சிந்தனை. அவருக்கு எங்கள் பாராட்டு. பள்ளப் பயணத்தில் ஓட்டுநருடன் எபனேசர் செல்வார். அர்த்தநாரி நிலையத்தைக் கவனித்துக்கொள்வார்.”

படித்தேன். மறுபடி படித்தேன். மிகச் சிறப்பான சிந்தனையாம். யாருடைய சிந்தனை? பழைய லாரிக்குக் கீழே ஒரு நாள் முழுக்கப் படுத்து ஆக்சிலைத் தட்டிப் பார்த்தவன் யார்? அவன் உள்ளே உட்கார்ந்து கணக்குப் போட்டு அனுப்பினான், அவ்வளவுதான். கணக்கு சரியாகத்தான் இருந்தது, அதை மறுக்கவில்லை. கணக்கு போட்டவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள், கை கறையானவன் வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

வயிறு எரிகிறது. மழுப்பவில்லை, இது பொறாமைதான்.


நாள் 612. மாலை 5.45.

ஸ்பிரிங் மாட்டி, ஷாக் அப்சார்பர் மாட்டி முடித்தாயிற்று. அமுக்கம் சரி. தொங்கல் சரி. ஸ்டியரிங் இரு பக்கமும் முழுசாகத் திரும்புகிறது.

எழுத வேண்டாம் என்று நினைத்தேன், ஆனாலும் எழுதுகிறேன். இடது பெல்ட்டைச் சரிபார்க்க நான் குனிவதற்குள் எபனேசர் தன் விரலை வைத்து அளந்துவிட்டான். நான் என் விரலையும் வைக்கப் போனேன். அப்போது கருணாம்பிகை, இனிமேல் எபி விரலே போதும் என்று சொல்லிச் சிரித்தாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். அவனும் சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன்.

எனக்கு ஊரில் பொண்டாட்டி இருக்கிறாள், காலேஜ் போகும் பெண் இருக்கிறாள். இது அந்த மாதிரிச் சங்கதி இல்லை. நான் கைவைத்த வண்டியில் ஏறும்போது கருணாம்பிகை ஒன்றையும் சரிபார்க்க மாட்டாள். நேராக ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணுவாள். ஒரு மெக்கானிக்குக் கிடைக்கிற மரியாதை அதுதான், வேறு எதுவும் வேண்டியதில்லை. ஆறு வருஷமாக எனக்கு மட்டும் கிடைத்ததை நேற்று வந்தவனுக்கும் பங்கு வைக்கிறாள்.

சாப்பிடவில்லை. பசி இல்லை.


நாள் 613. காலை 10.20. கட்டுப்பாட்டு அறை.

எருமை கிளம்பிவிட்டது. நிலையத்துக்கு வெளியே இருக்கும் வறண்ட ஓடையில் சோதனை ஓட்டம், சரியாக இருந்தால் அப்படியே பள்ளத்துக்குப் பயணம். ரேடியோவில் வந்ததை எழுதுகிறேன்.

கருணாம்பிகை: “அண்ணா, அருமையா போகுதுங்கண்ணா. பாறை மேல ஏத்துனாலும் அலுங்கவே இல்லீங்க. ஆனா ஓடைக்குள்ள எறங்குறப்ப எடது சக்கரம் தரை தொட மாட்டேங்குது. அந்தரத்துல சுத்துது. பெல்ட்டு புடிக்குதுங்க.”

எனக்கு அது முன்பே தெரியும். பெல்ட்டைக் கொஞ்சம் இறுக்கமாகத்தான் வைத்திருந்தேன், முதல் ஓட்டத்துக்கு அப்படித்தான் வைக்க வேண்டும். இரண்டு விரல் விட்டாலும் ஷாஃப்டில் இரண்டு விரல் மிச்சம் இருக்கும், போதும். அதைச் சொன்னேன்: “ரெண்டு பக்கமும் ரெண்டு விரல் விடு.”

எபனேசர்: “சரி அண்ணாச்சி, நான் எறங்கி விடுதேன். ஒரு சின்ன சந்தேகம். ரெண்டு விரல்னா வெறும் விரலா, உறை போட்ட விரலா?”

இதற்குப் பதில் இரண்டே வார்த்தை. வெறும் விரல். ஆனால் எனக்கு அந்தப் பாராட்டுச் செய்தி ஞாபகம் வந்தது. இத்தனை பெரிய என்ஜினியருக்கு என்னிடம் சந்தேகமா என்று நாக்கில் வந்துவிட்டது. சொன்னேன்:

“விரலுன்னா விரல்தான் கண்ணு. இதுக்குமா உங்க காலேஜுல பாடம் எடுக்கலை? நேத்து உன் வெரலே போதும்னு சொன்னாங்கல்ல, அதையே வெச்சு அளந்துக்கோ.”

கருணாம்பிகை சிரித்தாள்: “நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டியா எபி?”

எபனேசர்: “எனக்கு வேணும் இது. சரி அண்ணாச்சி, விட்டுட்டேன். பாத்துக்கிடுங்க, சக்கரம் தரையைத் தொட்டுட்டு.”

அவள் அவனைப் பார்த்துச் சிரித்ததில் எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. நேற்று விட்ட சாப்பாட்டை இப்போது சாப்பிட்டேன்.


நாள் 613. பகல் 12.50.

வெளியே ஆன்டெனா கம்பத்தில் தூசி தட்ட வேண்டியிருந்தது. உடம்பை மூடும் காற்று உறையையும் கையுறையையும் மாட்டிக்கொண்டு போனேன். கம்பத்தைப் பிடித்தபோது என் விரல்களைப் பார்த்தேன். கத்தரிக்காய் மாதிரி இருந்தன.

உள்ளே வந்து, உறை போட்ட கையையும் வெறுங்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உறை விரல் ஒன்று, வெறும் விரல் ஒன்றரைக்கும் கொஞ்சம் கூட. அவன் இரண்டு விட்டிருந்தால் என் கணக்கில் மூன்றுக்கு மேல். நான்கில் மூன்றேகால் போனால் மிச்சம் முக்கால் விரல். ஒருவேளை அரை.

கழலாது. ஷாஃப்ட் உள்ளே ஆட ஆரம்பிக்கும், குழியில் இறங்கும்போதெல்லாம் தடதடவென்று சத்தம் வரும். அவ்வளவுதான்.

இப்போதே கூப்பிட்டுச் சொல்லலாம். அவர்கள் பள்ளத்துக்குப் போகும் வழியில், இன்னும் மொட்டைப்பாறை முகட்டுக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள். கையில் மைக்கை எடுத்துவிட்டேன். வைத்துவிட்டேன்.

நினைத்ததை அப்படியே எழுதுகிறேன். சத்தம் வரட்டும். பாதி வழியில் வண்டியை நிறுத்தி, எபி, இது என்ன சத்தம் என்று அவள் கேட்கட்டும். அவன் கீழே படுத்துத் தேடட்டும். ஒன்றும் புரியாமல் திரும்பி வரட்டும். அப்போது நான் பக்கிளை இழுத்து இரண்டு நிமிஷத்தில் சரிசெய்து கொடுப்பேன். அவள் மறுபடி எதையும் சரிபார்க்காமல் ஏறி உட்காருவாள்.

எனக்கு வேண்டியது அவ்வளவுதான். யாருக்கும் ஒன்றும் ஆக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.


நாள் 613. பிற்பகல் 2.15.

முகட்டு உச்சியிலிருந்து கூப்பிட்டார்கள். அதற்கு அந்தப் பக்கம் குரல் எட்டாது. ரிலே செயற்கைக்கோள் மேலே போகும்போது வண்டி தானாக அனுப்பும் தகவல் மட்டும் வரும். எங்கள் பேச்சை அந்தப் பக்கம் கொண்டுபோகும் பாகம் அதில் பழுது.

கருணாம்பிகை: “அண்ணா, மொகட்டுல நிக்கிறோமுங்க. தாண்டப் போறோம். ஏதாச்சும் சொல்லோணுமுங்களா?”

நான்: “சத்தம் ஏதாச்சும் வருதா?”

கருணாம்பிகை: “லேசா ஒரு தட்டு இருக்குதுங்க. புது ஆக்சிலு, அப்புடித்தான் இருக்கும்னு நெனச்சேன். நீங்க செட் பண்ணது, எனக்கென்ன பயம்? வேற ஏதாச்சும்?”

நான்: “ஒண்ணுமில்லை. பாத்துப் போ.”

நீங்க செட் பண்ணது என்றாள். சொல்லிவிடலாம் என்று அப்போதுதான் தோன்றியது. பட்டனில் விரல் இருந்தது. அதற்குள் எபனேசர் பேச ஆரம்பித்திருந்தான், வண்டி நகர்ந்துவிட்டது, குரல் விட்டுவிட்டு வந்தது.

எபனேசர்: “...அண்ணாச்சி, பள்ளம் இன்னும் செங்குத்து... தேவைப்பட்டா நீங்க சொன்ன அதே கணக்குல இன்னும் ஒரு விரல் விட்டுக்கிடுதோம்... சரிதானே...”

வேண்டாம் என்று சொன்னேன். வேண்டாம், வெறும் விரல், நான் சொன்னது வெறும் விரல், இறுக்கு, இறுக்கு என்று தொண்டை கிழியக் கத்தினேன். இரைச்சல்தான் வந்தது. அவனுக்குக் கேட்டதா தெரியவில்லை. கேட்காத பதிலைச் சரி என்று எடுத்துக்கொண்டிருப்பான். என்னிடம் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.


நாள் 613. பிற்பகல் 3.40.

கத்திக்கொண்டே இருக்கிறேன். பதில் இல்லை. பூமிக்கு எழுதினேன். இங்கிருந்து அங்கே போய்த் திரும்புவதற்குள் அவர்கள் பள்ளத்தின் விளிம்பில் இருப்பார்கள். தவிர, பூமியாலும் வண்டியோடு பேச முடியாது.

உறை விரல் ஒன்று, வெறும் விரல் ஒன்றரை. மிச்சம் இருப்பது முக்கால். முக்காலிலிருந்து ஒன்றரையைக் கழித்துப் பார்க்கிறேன். எத்தனை முறை போட்டாலும் அதேதான் வருகிறது.

அவனுக்குப் பள்ளம் அவ்வளவு செங்குத்தாகத் தெரியாமல் இருக்கட்டும். அவன் இறங்காமல் இருக்கட்டும். அர்த்தநாரீசுவரா.


நாள் 613. மாலை 4.25.

பூமியிலிருந்து ஒரு செய்தி வந்திருக்கிறது. நான் அனுப்பியதற்குப் பதில் இல்லை. அதற்கு முன்பே கிளம்பியது.

“கீழ்மேடு நிலையத்துக்கு. முந்தைய செய்தியில் நேர்ந்த தவறுக்கு வருந்துகிறோம். ஆக்சில் மாற்றம் முழுக்க முழுக்க அர்த்தநாரியின் யோசனை என்றும், தன் பங்கு கணக்கு மட்டுமே என்றும் எபனேசர் எழுதியிருக்கிறார். அவர் கேட்டுக்கொண்டபடி இந்த அமைப்பு ‘அர்த்தநாரி ஆக்சில்’ என்ற பெயரில் பதிவு செய்யப்படுகிறது. வாழ்த்துகள்.”

எப்போது எழுதினான் என்று பார்த்தேன். நேற்று காலை. பாராட்டுச் செய்தி வந்த உடனே. நான் வயிறெரிந்துகொண்டு ஸ்பிரிங் மாட்டிக்கொண்டிருந்தபோது அவன் இதை எழுதிக்கொண்டிருந்திருக்கிறான். எழுதிவிட்டு வந்து என்னோடு ஜாக்கி பிடித்தான். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பாவிப்பயலே, சொல்லித் தொலைத்திருக்கலாமே.

இப்போதும் எனக்கு அவன்மேல் பொறாமைதான். அவனால் முடிந்தது என்னால் முடியவில்லை.


நாள் 613. மாலை 5.05.

ரிலே வந்தது. எருமையின் தகவல்:

“முன் தொங்கல்: முழு. முன் மோட்டார்: சுழல்கிறது. முன் சக்கரங்கள்: நின்றன. அறைக் காற்று: குறைகிறது. இருக்கை ஒன்று: ஆள் உண்டு. இருக்கை இரண்டு: ஆள் உண்டு.”

மோட்டார் சுற்றிச் சக்கரம் சுற்றவில்லை என்றால் ஷாஃப்ட் கழன்றுவிட்டது. காற்று குறைகிறது என்றால் அது குழாயை அடித்துவிட்டது. இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். உறைகளில் காற்று இருக்கும், நாளைக் காலை வரை தாங்கும்.

கைவண்டியில் காற்று உருளைகளை ஏற்றுகிறேன். நடந்தே போவேன். நடந்தால் மறுநாள் ஆகும் என்று தெரியும். உருளை மாற்றி மாற்றி நடப்பேன்.


நாள் 613. மாலை 5.50.

அடுத்த தகவல்.

“வெளிக்கதவு: திறந்துள்ளது. முன் மோட்டார்: நிறுத்தப்பட்டது. முன் தொங்கல்: முழு. அடிச்சட்டம்: ஜாக்கியில். இருக்கை ஒன்று: ஆள் உண்டு. இருக்கை இரண்டு: காலி.”

இரண்டாவது இருக்கை எபனேசருடையது. வண்டியை ஜாக்கியில் தூக்கிவிட்டுக் கீழே படுத்திருக்கிறான். ஷாஃப்டை மறுபடி சொருகப் பார்க்கிறான். சரியான வேலைதான். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். மோட்டார் பெட்டிக்கும் ஆக்சிலுக்கும் நடுவே கையை விட்டு, துண்டை நேராக்கி, மேலே தள்ள வேண்டும். ஆனால் சரிவில் ஜாக்கிக்குக் கட்டை கொடுக்க வேண்டும். கட்டை கொடுத்தாயா எபி? கட்டை கொடு.


நாள் 613. மாலை 6.30.

உருளைகள் ஏற்றியாயிற்று. உறை மாட்டிவிட்டேன். கையுறை மட்டும் பாக்கி, இதை எழுதுவதற்காக.

கடைசியாக வந்த தகவல்:

“அடிச்சட்டம்: ஜாக்கியில் இல்லை. முன் அமுக்கம்: முழு. இருக்கை ஒன்று: காலி. இருக்கை இரண்டு: காலி.”

முழு அமுக்கத்தில் மோட்டார் பெட்டிக்கும் ஆக்சிலுக்கும் நடுவே இடைவெளி மூன்று விரல். நான் வைத்தது. கூடாரத்துக்குள், கையுறை இல்லாமல், படுத்துக்கொண்டு வைத்தது. வெறும் விரல்.

உறை போட்ட ஒரு கை அதில் நுழையாது. அவன் கை உள்ளே இருக்கும்போதுதான் ஜாக்கி சரிந்திருக்கிறது.

அவள் இறங்கிவிட்டாள். வெளியே அவனை இழுத்துக்கொண்டிருப்பாள். என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பாள். எனக்குக் கேட்காது.

பின்னால் வருகிறவர்களுக்கு. ஆக்சில் நல்ல ஆக்சில். அமைப்பில் குறை இல்லை. பெல்ட்டை மில்லிமீட்டரில் அளந்து வையுங்கள். பதிவில் இருக்கும் பெயரை எடுத்துவிட்டு அவன் பெயரை வையுங்கள். பட்டறையில் யாராவது ஒரு விரல், இரண்டு விரல் என்று சொன்னால், எந்த விரல் என்று கேளுங்கள். கேட்கிறவனுக்குப் பதில் சொல்லுங்கள். அவன் கேட்டான். இரண்டே வார்த்தை. நான் சொல்லவில்லை.